பால்கனியில் ஏறிய படகு

ஸ்தமாதிஸுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். பிறகு கழுத்து. அன்று சாயங்காலம் தெருமுனையிலேயே இரண்டும் சிவந்துவிட்டன.

அவர் வீட்டுப் பால்கனியில் ஒரு சின்ன மரப்படகு ஏறி உட்கார்ந்திருந்தது. பாய்மரம் முழுக்க விளக்கு. சிவப்பும் பச்சையுமாகக் கண்ணடித்துக்கொண்டிருந்தது. கிரேக்கக் கடலோர ஊரான வோலோஸில் கிறிஸ்துமஸுக்குப் படகு அலங்கரிப்பது வழக்கம்தான். ஆனால் அது டிசம்பரில். இது நவம்பர். ஒலிவக்காய் பறிப்பே இன்னும் முடியவில்லை.

"ஏண்டி ஃபொதினி! போன வருஷமே சீக்கிரம்னு கத்தினேன். இப்போ அதுக்கும் முன்னாடியா? அடுத்த வருஷம் ஈஸ்டருக்கே கட்டிடுவியா?"

"கட்டலாங்க. ஏணியை ரெண்டு தடவை தூக்க வேண்டாம்."

"கிண்டலா?"

"இல்லைங்க. பிள்ளைங்க மூணும் வெளியூர்ல. வீடு இருட்டா இருந்தா மனசுக்கு என்னமோ மாதிரி இருக்கு. கொஞ்சம் வெளிச்சம் இருக்கட்டுமே."

"ராத்திரி பூரா என் மூக்கு சிவப்பாவும் பச்சையாவும் மாறிட்டிருக்கும். தூங்கறதா வேண்டாமா?"

"பச்சை உங்களுக்கு நல்லாத்தாங்க இருக்கும்."

பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தார். காலையில் முகம் கழுவும்போது ஒரு யோசனை உதித்தது. இவள் கோயிலுக்கு அடங்குகிறவள். கோயிலை வைத்தே அடக்க வேண்டும்! இந்த வீட்டில் யார் பேச்சு செல்லும் என்று ஊரே பார்க்கட்டும்.

ஞாயிறு பூசை முடிந்து, எல்லோரும் கோயில் கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்தமாதிஸ் நடுவில் போய் நின்றார். கடைசி நாற்காலிக்கும் கேட்கிற குரல்.

"சாமி, ஒரு சந்தேகம். இது கொண்டாட்டக் காலமா, நோன்புக் காலமா?"

அன்திமோஸ் சாமியார் தாடியைத் தடவினார். "நாளைக்கு நோன்பு ஆரம்பம். கிறிஸ்துமஸ் வரைக்கும் நாற்பது நாள்."

"கேட்டியா ஃபொதினி? எல்லாரும் கேட்டுக்குங்க! இந்த வருஷம் எங்க வீட்ல எல்லாம் கோயில் சொல்றபடிதான். ஒரு எழுத்து மாறாது!"

கறிக்கடை மனோலிஸ் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். பெரிய வாடிக்கை கைவிட்டுப் போகிறதே என்ற துக்கம். சாமியார் எழுந்து வந்து ஸ்தமாதிஸைக் கட்டிப் பிடித்தார்.

"எத்தனை வருஷ ஜெபம்! கர்த்தர் உங்க மனசைத் தொட்டுட்டார்!"

ஃபொதினி தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க சொன்னா சரிங்க."

அன்றே ஸ்தமாதிஸ் சீட்டி அடித்தபடி படகைக் கழற்றினார். வெற்றி! சொன்ன சொல் ஒன்றுக்கும் அவள் எதிர்த்துப் பேசவில்லை. அதை அப்போதே அவர் யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் மத்தியானம் தட்டில் வெள்ளை பீன்ஸ் சூப் வந்தது. பக்கத்தில் நாலு ஒலிவக்காய்.

"கறி எங்கடி?"

"நோன்புங்க."

"பாலாடைக்கட்டி?"

"அதுவும் கூடாதுங்க."

"முட்டை?"

"கோழியோடதுதானேங்க அதுவும். மீனுக்கு மட்டும் தடை இல்லை, வேணும்னா செய்யலாம்."

கடற்கரையில் பிறந்தும் மீன் வாடையே ஆகாத மனிதர் அவர். அது அவளுக்குத் தெரியாதா? காது சிவந்தது.

"நீ மட்டும் இதை எப்படிச் சாப்பிடறே?"

"கல்யாணமானதிலிருந்து இந்த நாள்ல நான் இதைத்தானே சாப்பிடறேன். உங்களுக்குக் கறியைத் தனியா வைப்பேன். நீங்க என் தட்டை எங்க பாத்தீங்க?" அவள் அன்பாகவே சொன்னாள். "இந்த வருஷம் ஒரே அடுப்புல முடிஞ்சிடுது. கர்த்தருக்குத் தோத்திரம்."

கழுத்தும் சிவந்தது. நேரே கறிக்கடைக்கு ஓடினார்.

"மனோலிஸ், ரெண்டு துண்டு பன்றிக்கறி சுட்டுக் கொடு. இங்கேயே நின்னு தின்னுட்டுப் போறேன்."

"ஐயோ அண்ணே! ஊர் முன்னாடி வாக்குக் கொடுத்தவர் நீங்க. உங்களுக்குக் கறி வித்தா என் பொண்டாட்டி என்னையே தோலுரிச்சுத் தொங்க விட்டுடுவா. வேணும்னா வாசனை பிடிச்சுக்குங்க, இலவசம்."

மறுநாள் பருப்பு. அதற்கு மறுநாள் முட்டைக்கோஸ். தெருவில் போகிற பெண்கள் எல்லாம் நின்று அவரை வாழ்த்தினார்கள். ஒவ்வொரு வாழ்த்தும் நெருப்பாகச் சுட்டது. வாரக் கடைசியில் அவர் மேசையைக் குத்தினார்.

"சரிடி! உன் படகை நானே கட்டித் தொலைக்கிறேன். நீ கறியை அடுப்புல வை!"

"கோயில் சொல்றபடின்னு நீங்கதானே சொன்னீங்க. சாமியைக் கேட்டுட்டு வாங்க. அவர் சரின்னா எனக்கும் சரி."

மூச்சிரைக்கக் கோயிலுக்குப் போனார்.

"சாமி, படகு கட்டலாமா?"

"தாராளமா. நோன்பு வயித்துக்குத்தான், பால்கனிக்கு இல்லை. ஃபொதினி முதல்லயே என்கிட்ட கேட்டுட்டுத்தானே கட்டினா?"

"முதல்லயேவா?... அப்போ, சாமி, கறி?"

சாமியார் சிரித்துக்கொண்டே அவர் தோளில் தட்டினார். "ஒரு எழுத்து மாறாதுன்னு நீங்க சொன்னது இன்னும் என் காதுலயே இருக்கு."

அன்று சாயங்காலம் ஸ்தமாதிஸ் ஏணியில் நின்று, வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு, பாய்மரத்தில் விளக்குச் சரத்தைச் சுற்றினார். கீழே மனோலிஸ் கடையிலிருந்து சுட்ட கறியின் வாசனை மிதந்து வந்தது. விளக்கு எரிந்தது. அவர் மூக்கு பச்சையானது.

உள்ளேயிருந்து ஃபொதினி கூப்பிட்டாள். "ஏங்க, இறங்கி வாங்க. கொண்டைக்கடலை ஆறிப்போகுது."