மாதாவுக்குப் பக்கத்தில் வைத்த மெஷின்

எங்கள் துறைமுகப் பக்கத்தில் ஐஸ் அண்ணரின் காதுக்குத் தப்பிய மெஷின் ஒன்றும் கிடையாது. ஐஸ் ஆலையில் முப்பது வருஷம் குழாய் பார்த்தவர். ஸ்குரூ டிரைவரின் நுனியை மெஷினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, டொக்டர் போலக் கண்ணை மூடுவார். ஒரு கலியாண வீட்டில் சாப்பிடாமல் பிரிஜ்ஜைக் கேட்டுக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை வீட்டார் முறைத்தார்கள். "உங்கட இறைச்சி நாளைக்குப் பழுதாகி மணக்கும்" என்றார். மணத்தது.

எனக்கு நித்திரையில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி. முகமூடி போட்டுக் காற்றுத் தள்ளும் மெஷின் இல்லாமல் படுக்கவே கூடாது என்றார் டொக்டர். கனடாவிலிருந்து மகள் அதை அனுப்பினாள். அறைக்கு ஏசியும் பூட்டுவித்தாள். ஆனால் காற்றை ஈரமாக்க மெஷினின் தொட்டியில் சூடாகும் தண்ணீர் குழாய்க்குள் சேர்ந்து, களகளவென்று என் மூக்கில் வந்து விழும். நான் முகமூடியைக் கழற்றிவிடுவேன். பிறகு மனைவி றோசலின் விழித்திருந்து என் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு மாதமாக அவளுக்கு நித்திரை இல்லை. வெட்கத்தில் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவள்தான் ஐஸ் அண்ணரைக் கூட்டிவந்தாள்.

வந்தவர் அலுமாரியின் உச்சியைப் பார்த்தார். அங்கே மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் மெஷின். வெளிநாட்டிலிருந்து வந்த விலையான சாமானை வேறெங்கே வைப்பது?

"தம்பி, மூச்சு நிக்கிறது உமக்கோ, மாதாவுக்கோ?"

"எனக்குத்தான் அண்ணை."

"அப்ப அதைக் கீழ இறக்கும். கட்டிலை விடப் பதிவா, கீழ வைச்சா, சேருற தண்ணி திரும்பித் தொட்டிக்கே போகும்."

அடுத்தது ஏசி. "பதினெட்டோ? நீர் என்ன, பாரை மீனோ?" இருபத்தாறுக்கு ஏற்றினார். "குழாய்க்குள்ள சூடும் ஈரமும், வெளியில குளிர். எங்கட ஐஸ் குழாய் வெளிய வேர்க்கும், உம்மட குழாய் உள்ள வேர்க்குது. போர்த்திவிட்டாச் சரி."

நான் உடுத்துப் பழசான சாரத்தைக் கிழித்து, றோசலினைக் கொண்டு உறை தைப்பித்து மாட்டினார். மெஷினில் ஈரத்தின் அளவையும் ஒரு படி குறைத்தார். "இப்ப படுத்துப் பாரும்."

மத்தியானம் ஒரு மணி. ஆள் பார்த்திருக்கப் படுக்க எனக்குக் கூச்சம்.

"நான் உம்மையோ பாக்கப் போறன்? குழாயைத்தான்."

கண் விழித்தபோது நாலு மணி. முகம் காய்ந்திருந்தது. ஐஸ் அண்ணர் கதிரையில் இருந்து குழாயைக் கேட்டுக்கொண்டிருந்தார். முகமூடியைக் கழற்றப் போனேன். கையைக் காட்டித் தடுத்தார். கட்டில் காலில் சாய்ந்தபடியே றோசலின் நித்திரையாகிப் போயிருந்தாள்.

"எழும்பாதேயும்," என்றார் மெல்ல. "உம்மட மூச்சுச் சத்தம் மாறினா தங்கச்சி முழிச்சிடுவா."

ஆறு மணி வரை நான் நித்திரை போலக் கிடந்தேன். அவர் காவல் இருந்தார்.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை. இப்போதெல்லாம் அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை.