நாற்பது நாள் அரபியும் ஒரு ‘ஆ’வும்

அன்பு மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் இரண்டு தையல் மிஷின்களும் நலம். உன் நலமும், உன் கடை முதலாளியின் நலமும் அறிய ஆவல். முதலாளியின் நலம் கொஞ்சம் கூடுதலாகவே.

தையல் வேலைக்கு முதலாளி போனில் அரபியில் பேசிப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார் என்று நீ சொன்னதிலிருந்து, அரபு நாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய பக்கத்து வீட்டு நர்ஸம்மாவிடம் பேச்சு அரபி படித்தேன். புத்தகத்து அரபி பேசினால் கடைத்தெருவே சிரிக்கும் என்று, தான் பேசுகிறபடியே சொல்லிக்கொடுத்தார். நாற்பது நாள், இங்கே நம் தையல் கடையிலேயே பாடம். உன் அக்கா ஓரமாகக் காஜா போட்டுக்கொண்டிருந்தாள். நீயும் படியேன் என்றதற்கு, “நீங்க பேசுங்க, நான் பின்னால வர்றேன்” என்றுவிட்டாள். எனக்கும் அதுவே முறை என்று பட்டது.

நேற்று முதலாளி கூப்பிட்டார். ‘அனா கய்யாத்தா’ என்று கம்பீரமாக ஆரம்பித்தேன். நான் தையல்காரன் என்று அர்த்தம். கைப்புத்தகத்தில் வெறும் ‘கய்யாத்’தான், நர்ஸம்மா எப்போதும் ஒரு ‘ஆ’ சேர்ப்பார். நாம் ‘வா’வை ‘வாங்க’ ஆக்குகிற மாதிரி மரியாதைக்கு என்று நினைத்து, நானும் கண்ட இடத்திலெல்லாம் ஒரு ‘ஆ’ வைத்துத் தைத்தேன். போனில் பதிவான பேச்சைக் கேட்ட நர்ஸம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த ‘ஆ’ பெண்பாலாம். என் கீச்சுக்குரல் உனக்குத் தெரியுமே. ‘எங்க வீட்டில் ஒரு நல்ல தையல் ஆள்’ என்று நீயும் மொட்டையாகச் சொல்லி வைத்திருக்கிறாய். வீட்டுக்காரருக்குச் சம்மதமா அம்மா என்று முதலாளி மூன்று தரம் கேட்டாராம். மூன்று தரமும் நான் ஆமாம் என்றிருக்கிறேன். போதாக்குறைக்கு அங்கே ‘மாமா’ என்றால் அம்மாவாம். உன் பிள்ளைகள் கடை வாசலில் என்னை மாமா என்று கூப்பிட்டால் என் கதை முடிந்தது.

சிரிக்காதே, மச்சான். ரெடிமேட் கடை வந்தபின் இங்கே மிஷின் வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடுகிறது. இந்த வேலை போனால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. முதலாளியிடம் நேரில் போய், அத்தான் ஆண்பிள்ளைதான் என்று சாட்சி சொல். மீசை தெரிகிற போட்டோ உள்ளே வைத்திருக்கிறேன்.

உன் மனைவிக்கு எங்கள் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும்போது முதலாளி மறுபடி கூப்பிட்டார். பயத்தில் போனை உன் அக்காவிடம் நீட்டிவிட்டேன். காஜா போட்டபடியே நாற்பது நாளும் கேட்டிருக்கிறாள், கள்ளி. நான் சொன்ன அதே வார்த்தைகள். அவள் வாயில் ஓர் எழுத்துப் பிசகில்லை. கடையில் பெண்கள் உடை தைக்கும் பிரிவுக்கு இனி அவள்தான் தலைமை. “வீட்டுக்காரர் காஜா நல்லாப் போடுவார்” என்று எனக்கும் சிபாரிசு செய்திருக்கிறாள். ஆகவே சாட்சிக்குப் போகாதே. போட்டோவை அவள் விசா படிவத்தில், கூட வருபவர் என்ற கட்டத்தில் ஒட்டு. இப்போதே அவளைக் கய்யாத்தா என்றுதான் கூப்பிடுகிறேன். இந்த ‘ஆ’ மரியாதைக்கு.