மேல்மாடித் தற்காப்பு வீரன்

"யார்னோவும் இருக்கிறான் அப்பா. அதே இருபத்தேழாம் நம்பர்."

சிவானுஜா கைப்பேசியில் வந்த அணிப் பட்டியலிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாள். குணசேகரம் கடித்த பாண் துண்டைத் தட்டில் எறிந்தார்.

"உவனை இன்னும் வைச்சிருக்கிறாங்களோ? எத்தினை கிலோ?"

"நூற்றேழு."

"போன வருஷம் நூற்றிரண்டு. லீவில தின்னுறதுதான் வேலை. சரி, புதுசா ஆரை எடுத்திருக்கினம்?"

"முன்வரிசைக்கு ஒரு செக் நாட்டுக்காரன். போன முறை நிறையக் கோல் அடிச்சவனாம்."

"கோலை விடு பிள்ளை. கிலோவைச் சொல்லு."

"தொண்ணூற்றொன்பது."

"வேண்டாம்."

"பதினாலாம் நம்பர் எண்பத்தெட்டு. ஆனா ஆறரை அடி."

"உயரமானவங்கள் குதிக்காலைக் குத்தி நடப்பாங்கள். அவனும் வேண்டாம்."

பனி ஹாக்கி அணியொன்றை இப்படி மதிப்பிட்டவர் ஜெர்மனியின் ஹம் நகரில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். பக்கத்து நகரத்துத் தொழில்முறைக் கழகம் தன் வீரர் ஒருவரைத் தங்கவைக்க அவருடைய மேல்மாடியை வாடகைக்கு எடுத்திருந்தது. எந்த வீரர் என்பதைக் கழகம் தீர்மானிக்கும். இரண்டு வருடமாக அது யார்னோ என்ற பின்லாந்துக்காரன்.

குணசேகரத்துக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. காலையில் வந்து கட்டிலில் விழுந்து கண்ணயரும்போது மேலே பாரந்தூக்கும் இரும்பு விழும். தடார். கொஞ்சம் மூச்சு வாங்க இடைவெளி. மறுபடி தடார். போட்டிகள் முடிந்த பிறகுதான் இது தொடங்கியது. மற்ற வீரர்கள் கோடையில் ஊருக்குப் போய்விடுவார்கள். இவன் போகவில்லை என்பதற்குக் கூரையே சாட்சி. காரும் முற்றத்தில் நின்றது. ஆளைத்தான் மாதக்கணக்காகக் காணவில்லை. பகலில் நித்திரை, இரவில் வேலை என்று இருப்பவர் யாரைக் காண்பது?

போன கிழமை இயந்திரத்துக்கு முன்னால் நின்றபடியே தூங்கிவிட்டார். மேற்பார்வையாளர் தோளைத் தட்டி, இன்னொருமுறை கண்டால் எச்சரிக்கைக் கடிதம், அதற்குப் பிறகு வீடு என்றார். இருபத்தாறு வருட வேலை.

அடுத்த நாள் தடார் கேட்டதும் வீடு கூட்டும் தும்புத்தடியை எடுத்துக் கூரையில் குத்தினார். கூரைச் சாந்து பெயர்ந்து தலையணையில் விழுந்தது. மேலே தடார் நிற்கவில்லை.

அதற்கடுத்த நாள் இடுப்பில் கட்டிய சாரத்தோடு மாடியேறிக் கதவைத் தட்டினார். சத்தம் சட்டென நின்றது. கதவு திறக்கவில்லை. மறுபடி தட்டினார். உள்ளே மூச்சுக்கூடக் கேட்கவில்லை. சொந்த வீடுதான், ஆனால் குடியிருப்பவனைக் கேட்காமல் திறக்க இந்த நாட்டுச் சட்டம் விடாது. அரை மணித்தியாலம் படியில் நின்று, கால் உளைந்து, நித்திரையும் போய்க் கீழே வந்தார்.

காலை நடை முடித்து வியர்த்துப்போய் வந்த மனைவி தேவமலர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி வைத்தாள்.

"ஒளிச்சு நிக்கிறான் மலர். பேடி. நூற்றேழு கிலோ, கதவைத் திறக்கப் பயம்."

"பாவம் அந்தப் பெடியன். அவனில கோவிக்காதேங்கோ."

"எனக்கு வேலை போனா அவனே சோறு போடுவான்?"

"காதுக்குப் பஞ்சை வையுங்கோவன்."

"என்ர வீட்டில நான் பஞ்சு வைக்க, அவன் இரும்பு போடுறதோ?"

கழகத்திடம் சத்தத்தைப் பற்றிச் சொன்னால் வேறு வீடு பார்த்துவிடுவார்கள். வீட்டுக் கடன் அந்த வாடகையில்தான் ஓடுகிறது. வீடு இருக்கவேண்டும், ஆள் மாறவேண்டும். பட்டியலை மீண்டும் மீண்டும் பார்த்ததில் ஒரே ஒருவன் தேறினான். இரண்டாவது கோல் காப்பாளன், எழுபத்தொரு கிலோ.

"இவனைப் போல ஒரு பிள்ளைதான் எங்களுக்கு வேணும்" என்றார் குணசேகரம். சிவானுஜா பயந்துபோய்த் தாயைப் பார்த்தாள்.

அந்த மாத ரசிகர் கூட்டத்தில் கழகத்தின் விளையாட்டு இயக்குநர் பிராண்ட் புதிய அணியைத் திரையில் காட்டி, கேள்வி உண்டா என்றார். நித்திரையில்லாத கண்களோடு குணசேகரம் எழுந்தார். இதுவரை ஒரு போட்டியைக்கூட முழுதாகப் பார்த்திராதவர், டொச் மொழியில் வெடித்தார்.

"இருபத்தேழாம் நம்பர் ஏன் இன்னும் இருக்கிறான்? பாரம் கூடிவிட்டது. கால் எழும்பவில்லை. அவனைத் தனியே விட்டால் எல்லாம் இடிந்து விழும். நான் கண்ணால் பார்த்தவன்."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. பிறகு பின்வரிசையில் யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். போன முறை கடைசிப் போட்டி அப்படித்தான் தோற்றதாம். பிராண்ட் குறிப்பெடுத்துக்கொண்டார். ஒரு தாடிக்காரன் குணசேகரத்துக்குப் பியர் வாங்கிக் கொடுத்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எழுபத்தொரு கிலோவின் மெல்லிய காலடியை நினைத்துச் சிரித்தபடி வந்தார்.

மூன்று நாளில் பிராண்ட் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நீங்கள் சொன்னதைப் பயிற்சியாளரிடம் சொன்னேன். சரியான கணிப்பு என்றார். யார்னோவைத் தனியே விடக்கூடாது. அவனோடு சேர்ந்து ஆட ஒரு லாட்வியனை எடுத்துவிட்டோம். நூற்றுப் பதினாலு கிலோ."

"நல்லது. அவர் எங்கே தங்குவார்?"

"சேர்ந்து ஆடுகிறவர்கள் சேர்ந்து தங்குவதுதான் நல்லது. திங்கட்கிழமை உங்கள் வீட்டுக்கு இரண்டாவது கட்டில் வரும்."

"அந்தச் சின்னக் கோல் காப்பாளன்?"

"அவன் அம்மா வீட்டில் இருக்கிறான்."

குணசேகரம் தொலைபேசியை வைத்துவிட்டுச் சுவரைக் குத்தினார். கைதான் நொந்தது.

"இருநூற்றி இருபத்தொரு கிலோ மலர். எங்கட தலைக்கு மேல."

"ரெண்டு பேரோ? எப்ப வருகினம்?" தேவமலரின் முகமும் வாடிவிட்டது.

"திங்கள்."

"உங்களை ஆர் கூட்டத்தில வாயைத் திறக்கச் சொன்னது?" என்று அவள் சீறியபோது, கடைசியில் மனைவிக்கும் தன் துன்பம் விளங்கிவிட்டதென்று அவருக்குச் சிறு ஆறுதல்.

வெள்ளிக்கிழமை காலை. கண்ணை மூடினார். தடார். அன்று இடைவெளிகூடக் குறைவு. தடார், தடார். திங்கட்கிழமைக்கு முன்னால் இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று எழுந்து, தெருக்கதவைப் படாரெனத் திறந்தார். பக்கவாட்டிலிருக்கும் மாடிப்படியை நோக்கி இரண்டடி வைத்தவர் நின்றார்.

வாசலில், மூன்று நாள் முந்தியே, கழகத்தின் வேன் வந்து நின்றது. ஒரு கையில் பெட்டியும் மறுகையில் ஹாக்கி மட்டைகளுமாக யார்னோ இறங்கினான். அவனுக்குப் பின்னால் கதவளவு அகலத்தில் இன்னொருவன். குணசேகரம் எதையும் யோசிக்கும் நிலையில் இல்லை.

"நாலு மாதம்" என்று டொச்சில் கத்தினார். "நாலு மாதமாக என் நித்திரையைக் கெடுத்தாய். உன்னால் என் வேலை போகப்போகிறது. மனிதனா நீ?"

யார்னோ பெட்டியைக் கீழே வைத்தான்.

"நாலு மாதமா? நான் ஏப்ரலில் பின்லாந்து போனவன். இப்போதுதான் விமான நிலையத்திலிருந்து வருகிறேன்."

மேல்மாடியில் தடார் என்றது. மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

யார்னோ மட்டும் காதைச் சாய்த்து, இரும்பு உருண்டு ஓயும்வரை கேட்டான். அவன் முகம் மலர்ந்தது.

"எழுபது கிலோ இருக்கும்" என்றான் லாட்வியனிடம் பெருமையாக. "நான் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும்போது இவருடைய மனைவிக்கு இருபதே தூக்க வரவில்லை."