சூப்பர் ஹீரோ சிடியும் சின்னாளப்பட்டி பஸ்ஸும்

ஓர் இசை பிடித்துப்போனால் அதைத் தனியாகக் கேட்டு ரசிக்கிற பக்குவம் யாருக்கும் வாய்ப்பதில்லை. பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, 'இப்ப வரும் பாருங்க, அந்த இடம்' என்று உயிரை வாங்கினால்தான் திருப்தி. இரண்டாயிரங்களின் நடுவில், வேலைக்குப் போக ஆரம்பித்த புதிதில், இந்த நோய் எனக்கு முற்றிப்போயிருந்தது.

காரணம், திண்டுக்கல் தியேட்டரில் தமிழ் பேசி ஓடிய ஒரு சூப்பர் ஹீரோ படம். முகமூடிக்காரன் மாடிக்கு மாடி பறந்ததை எல்லோரும் பார்த்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு பின்னணி இசையைக் கேட்டேன். (பக்கத்து சீட்டுக்காரர், "தூங்குறதுக்கு எதுக்கும்மா டிக்கெட்டு?" என்றார்.) அந்த இசை மட்டும் தனி சிடியாக வந்திருக்கிறது என்று தெரிந்ததும் மதுரைக்கே போய் வாங்கிவந்தேன்.

அதில் பாட்டே கிடையாது. வயலின்கள் அடித்தொண்டையில் முனகும். தூரத்தில் முரசுகள் உறுமும். கடைசியில் ஊதுகருவிகள் எல்லாம் ஒன்றாக எழும்பும்போது கால் தரையில் நிற்காது. எனக்கு நிற்கவில்லை. அம்மா பாதி சிடிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றாள். எதிர்வீட்டு அக்கா எங்கள் கிரைண்டருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எட்டிப் பார்த்தாள். எங்கள் நாகல் நகரில் ரசனை செத்துவிட்டது என்று தீர்ப்பு எழுதினேன்.

அப்போது நான் சின்னாளப்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தினமும் நான் போகும் தனியார் பஸ்ஸின் டிரைவர் என் சொந்தச் சித்தப்பா, ஆரோக்கியம். பஸ்ஸிலோ முன்னும் பின்னும் பெரிய ஸ்பீக்கர்கள். விடுவேனா?

"சித்தப்பா, இந்த சிடியப் போடுங்க."

"யாரு பாடுறது?"

"யாரும் பாடல."

"பெறகு எதுக்குத்தா சிடி?"

"செத்த நேரம் கேளுங்க. பிடிக்கலேன்னா எடுத்துருங்க."

போட்டார். வயலின் முனகத் தொடங்கியதும் பஸ் அமைதியானது. முன்சீட்டுப் பெரியவர் கண்டக்டர் முருகனைக் கூப்பிட்டு, "ஏப்பா, வண்டிக்கு அடியில ஏதோ சத்தம் வருதே, பாக்கக் கூடாதா?" என்றார். கூடைக்கார அம்மா ஒருத்தி, "யாருக்கோ முடியாமக் கெடக்கு போல, பாவம்" என்று உச்சுக்கொட்டினாள். நான் பெருமை தாங்காமல் எல்லார் முகத்தையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் முரசு வந்தது. ஹீரோ முதன்முதலாகப் பறக்கிற கட்டம். சித்தப்பாவின் முதுகு நிமிர்ந்தது. முன்னால் போன லாரியை முந்தினார். அதற்கு முன்னால் போன பஸ்ஸையும் முந்தினார். மெதுவாகப் போகச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. அத்தனை பேரும் கம்பியைப் பிடித்தபடி முன்னால் சாய்ந்திருந்தார்கள். முருகன் வாயில் விசில் இருந்தது, ஊத மறந்துவிட்டான். ஒரு பஸ் நிறைய ஜனம் மூச்சைப் பிடித்து அந்த இசையைக் கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கிறது.

இசை ஓய்ந்தது. அந்த அமைதியில் முன்சீட்டுப் பெரியவர் சொன்னார்:

"நான் சின்னாளப்பட்டில எறங்கணுமே."

சின்னாளப்பட்டி பிரிவு எப்போதோ போய்விட்டிருந்தது. வண்டியில் பாதிப் பேர் அங்கே இறங்க வேண்டியவர்கள். (நானும்தான்.) சித்தப்பா சாலையோரம் நிறுத்திவிட்டு ஸ்டீரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஆளாளுக்குத் திட்டினார்கள். தடித்த கரைச்சேலை கட்டிய ஓர் அம்மா, கணவரை முன்னால் தள்ளிக்கொண்டு எழுந்து வந்தார்.

"யாரு போட்டது இத?"

முருகன் யோசிக்கவே இல்லை. "இந்த அக்காதான்."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டிரைவருக்கு நீ என்ன வேணும்? வீடு எங்கிட்டு?"

முதலாளியிடம் புகார் போனால் சித்தப்பாவுக்கு வேலை போய்விடும். அந்தப் பயத்தில் என் வாய் தானாகப் பேசியது. "அவர யாருன்னே தெரியாதுங்க. நமக்கு ஒட்டன்சத்திரமுங்க." (நம்பவேண்டுமே என்று அந்தப் பக்கத்துப் பேச்சையும் சேர்த்துக்கொண்டேன்.)

சின்னாளப்பட்டிக்காரர்கள் எல்லோரும் இறங்கி வெயிலில் திரும்பி நடந்தோம். நான் தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு அவர்களுக்கு வெகுதூரம் பின்னால் நடந்தேன்.

அந்த ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து, என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காபித் தட்டோடு ஹாலுக்குள் போனேன். நடு நாற்காலியில் அதே கரைச்சேலை அம்மா. பக்கத்தில் அதே கணவர். என்னைப் போட்டோவில் பார்த்திருந்தார்கள்தான். ஆனால் ஸ்டூடியோக்காரர் பூசிய பவுடருக்கு என்னைப் பெற்றவளே என்னை அடையாளம் கண்டிருக்க முடியாது.

அந்த அம்மா காபியை எடுத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

"ஒட்டன்சத்திரத்துல இருந்து எப்பம்மா வந்த?"

"அவ எங்க ஒட்டன்சத்திரம் போனா?" என்று அம்மா விழித்தாள். அந்த நேரம் பார்த்து, "வாங்க, வாங்க" என்று கும்பிட்டபடி உள்ளே நுழைந்தார் ஆரோக்கியம் சித்தப்பா. கும்பிட்ட கை அப்படியே நின்றது.

"இவரத்தான் யாருன்னே தெரியாதுன்ன?" என்றார் அந்த அம்மா.

வேறு வழியில்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். சம்பந்தம் போயிற்று என்று நினைத்து நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"ஒனக்கு சுங்குடிச் சேலை எடுக்கத்தான் அன்னைக்கு நாங்க பஸ் ஏறுனோம். வேகாத வெயில்ல நடக்கவிட்டுட்ட" என்றார் அந்த அம்மா. பிறகு கணவரைக் காட்டினார். "முட்டி வலின்னு முக்குக் கடைக்குப் போகமாட்டாரு இந்த மனுசன். அன்னைக்கு டம்டம்னு மொணங்கிக்கிட்டே எனக்கு முன்னால நடக்குறாரு. இன்னும் நிறுத்தல. அந்த சிடி இருக்கா? மிச்சத்தையும் கேட்டுத் தொலையட்டும்."

பெண் பார்க்க வந்த இடத்தில் எங்கள் விசிடி பிளேயரில் சூப்பர் ஹீரோ பறந்தான். மாமனார் (ஆகப்போகிறவர்) முழங்காலில் தாளம் போட்டார். மாப்பிள்ளை முதல் முறையாக வாயைத் திறந்து, "அந்த ரெண்டாவது மட்டும் இன்னொரு தடவ போட முடியுமா?" என்று என்னிடம் கேட்டார். நான் சம்மதம் சொன்னது அந்தக் கேள்விக்குத்தான்.

கல்யாணமாகி வருடங்கள் ஓடிவிட்டன. புதிதாக யாராவது வீட்டுக்கு வந்து, "மருமகளுக்கு எந்த ஊரு?" என்று கேட்டால் நான் அடுப்படிப் பக்கம் நழுவிவிடுவேன். அத்தையின் பதில் அங்கேயும் கேட்கும்.

"திண்டுக்கல்தான். பயந்துட்டா மட்டும் ஒட்டன்சத்திரமுங்க."