இடது பக்கத்துக் கால்

மூங்கில்துறைப்பட்டு,
12.6.1996

அன்பில் குறையாத மச்சான் சின்னராசுவுக்கு, உன் அக்கா புருஷன் நாராயணசாமி எழுதுவது. சங்கராபுரத்தில் நீயும் பாப்பாத்தியும் பிள்ளைகளும் மாடு கன்றுகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த இடத்தில் எப்போதும் 'நாங்கள் இங்கு நலம்' என்று எழுதுவேன். உன் அக்கா ஆண்டாள் பதினோரு நாளாக உன் வீட்டில் இருப்பதால் 'நான் இங்கு நலம்' என்று மட்டும் எழுதுகிறேன். அவள் நலத்தை நீதான் எழுத வேண்டும். நான் வீட்டில் நாற்காலியில் சாய்ந்து, மின்விசிறியைச் சுழலவிட்டு, ஒரு குறையும் இல்லாமல் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கு அந்தக் காற்றுதான் காரணம்.

நடந்ததை அவள் எப்படிச் சொன்னாளோ, அல்லது வாயே திறக்கவில்லையோ, எனக்குத் தெரியாது. என் பக்கத்தையும் நீ கேட்க வேண்டும். என் புல்லட் வண்டியை உனக்குத் தெரியும். பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஏலத்தில் எடுத்தேன். ஆலை எடைமேடையில் வேலை பார்த்தவன் ஆனதால் எடுத்த அன்றே அதையும் ஏற்றிப் பார்த்தேன், நூற்று எழுபத்தைந்து கிலோ காட்டியது. என் எடை ஐம்பத்தொன்று. என் உயரமும் உனக்குத் தெரியும், கல்யாணப் போட்டோவில் உன் அக்காவுக்குச் சமமாக நிற்க என் காலடியில் பலகை போட்டவனே நீதான். அப்படிப்பட்ட நான் அப்படிப்பட்ட வண்டியை உன் அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு உளுந்தூர்பேட்டை, எலவனாசூர்கோட்டை, கச்சிராயபாளையம் என்று பதினேழு வருஷம் ஓட்டி ஒருநாளும் கீழே போட்டதில்லை. ஊரில் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். நானும்தான்.

போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை வெள்ளிமலைக்கு ஒரு காதுகுத்துக்குப் போனோம். உன் அக்கா எப்போதும்போல் பின்னால் ஒரு பக்கமாக, இடது பக்கம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போது நல்ல பலாப்பழமாக ஒன்று வாங்கி அவள் மடியில் வைத்தேன். கரியாலூரில் ஒரு டீக்கடை முன்னால், சரிவில், வண்டியை நிறுத்தினேன். நிறுத்தியது ஒழுங்காகத்தான் நிறுத்தினேன். ஆனால் வண்டி நிற்காமல், அவசரமே இல்லாமல், இடது பக்கம் படுத்துவிட்டது. உன் அக்காவும் பழமும் சேற்றில். சைடு ஸ்டாண்டு முறிந்து இன்றுவரை வெல்டிங் கடையில் கிடக்கிறது. கடையில் இருந்தவர்கள் ஓடி வந்து, "இன்னாங்க, வுழுந்துட்டீங்களா?" என்று கேட்டார்கள். அத்தனை பேர் பார்க்கும்போது மனுஷன் என்ன சொல்லுவான்? "நான் ஒழுங்காதான் நிறுத்தனேன். பின்னால ஒக்காந்துக்கினு ஆடனா வண்டி இன்னா பண்ணும்?" என்றேன். அவள் புடவையை உதறினாள். பழத்தை எடுத்து டீக்கடைக்காரரிடம் கொடுத்தாள். அப்புறம் கீழே போகும் பஸ்ஸில் ஏறிவிட்டாள். இவ்வளவுதான் நடந்தது.

அவள் இல்லாவிட்டால் வண்டி ஓடாதா என்று மறுநாளே பார்த்தேன். பக்கத்து வீட்டு டிராக்டர் டிரைவர் முனியனைப் பின்னால் ஏற்றிக்கொண்டேன். பஸ் நிறுத்தத்தில் நிறுத்தினேன், பழக்கத்தில் நான் இடது பக்கம் சாய்ந்தேன், அவன் வலது காலை ஊன்றினான், இருவரும் வாய்க்காலில் எழுந்தோம். "இன்னா அண்ணே, எந்தப் பக்கம் ஊனணும்னு நீ சொல்லவே இல்லியே?" என்றான். நான் அதை யாருக்குமே சொன்னதில்லை மச்சான், சொல்ல வேண்டியது ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அடுத்து ஆலை நண்பர் பழனி. ஆறடி ஆள். அவர் இரண்டு காலையும் ஊன்றி அப்படியே நின்றுவிட்டார், சீட்டு அவருக்குக் கீழிருந்து நழுவி, வண்டியும் நானும் நாலு முழம் தள்ளிப்போய் விழுந்தோம். "நான் நின்னுட்டேன், நீங்க ஏன் போய்க்கினே இருக்கீங்க?" என்று அங்கிருந்தே கேட்டார். கடைசியாக ஒரு தவிட்டு மூட்டையைக் கட்டிப் பார்த்தேன். அது பேசாமல் வந்தது, பேசாமல் விழுந்தது.

முழங்காலில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தபோது ஒன்று ஞாபகம் வந்தது. வண்டி நிற்கப் போகும்போதெல்லாம் பின்னாலிருந்து 'ம்' என்று ஒரு சத்தம் வரும். பதினேழு வருஷமும் அதை நான் செருமல் என்று நினைத்திருந்தேன். டாக்டரிடம் காட்டச் சொல்லி இரண்டு தடவை திட்டியும் இருக்கிறேன். இப்போது யோசித்தால், தன் இடது காலைத் தரையில் ஊன்றிய பிறகு, இனி நீ நிறுத்தலாம் என்று எனக்குக் கொடுத்த உத்தரவு அது. அவளுடைய இடது செருப்பு மட்டும் ஏன் சீக்கிரம் தேய்கிறது என்றும் கேட்டிருக்கிறேன். நடை சரியில்லை என்றேன். முப்பது வருஷம் டன் கணக்கில் கரும்பு எடை போட்டவனுக்கு, தன் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி எவ்வளவு பாரம் தாங்குகிறாள் என்று தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஆனாலும் நியாயம் என்று ஒன்று உண்டு. ஓட்டியது நான். வண்டி விழாமல் இருந்ததில் அவள் பங்கு பத்தில் ஒன்று இருக்கலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக நான் வந்து அழைக்க வேண்டும் என்று அவள் எதிர்பார்க்க வேண்டாம். மனம் இருந்தால் பஸ் ஏறி வரட்டும். எனக்கு ஒரு அவசரமும் இல்லை, சமையலும் பழகிவிட்டது.

பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளர என் ஆசி. தங்கச்சி பாப்பாத்தியைக் கேட்டதாகச் சொல். சிவப்புப் பசு கன்று போட்டதா என்று எழுது.

இப்படிக்கு,
என்றும் உன் நலம் நாடும் மாமா,
நாராயணசாமி

பின் குறிப்பு: மச்சான், நான் வீட்டில் இல்லை. நாற்காலியும் இல்லை, மின்விசிறியும் இல்லை. உன் தெருமுனையில் இருக்கும் மதகுக் கட்டையில் இடது காலை ஊன்றி, வண்டி மேல் உட்கார்ந்தபடி, பெட்ரோல் டாங்கில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். காலையில் முனியன் பிடித்து ஏற்றிவிட்டான். அங்கிருந்து எங்கும் நிற்காமல் வந்தேன். வழியில் மாட்டு மந்தை குறுக்கே வந்தபோது நிற்கத் தெரியாமல் வந்த வழியே ஒரு மைல் திரும்பிப் போய் மறுபடி வந்தேன். இப்போது கால் தரைக்கு எட்டாமலும் ஸ்டாண்டு இல்லாமலும் இறங்க முடியவில்லை. ஆடு ஓட்டிக்கொண்டு உன் வீட்டுப் பக்கம் வரும் இருசம்மாளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பத்தில் ஒன்று என்று எழுதியதை அடித்துவிடு. இன்னொன்றையும் மறைத்தேன். பலாப்பழம் வாங்கும்போதே அவள், "மடியில இத வச்சிக்கினு நான் எப்படி காலு ஊனறது?" என்று கேட்டாள். "உன் காலு எதுக்கு? வண்டி ஓட்டறது நான்தான்" என்றேன்.

வழியில் போன மூன்று பேர், "புடிக்கட்டுமாங்க?" என்று கேட்டுவிட்டார்கள். காற்று வாங்குகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் கால் மரத்துப்போய்விட்டது, அவள் பதினேழு வருஷம் ஊன்றியிருக்கிறாள். கோபம் தீர்ந்து வர வேண்டும் என்றில்லை, என்னோடு பேசவும் வேண்டாம். இடது பக்கம் வந்து நிற்கட்டும். அவள் 'ம்' என்று சொன்ன பிறகுதான் இந்தக் காலை எடுப்பேன்.