பர்சன்ட் ஐயா போட்ட நேரக்கணக்கு

மலைநாடு முழுக்கத் தேடினாலும் எங்கள் பர்சன்ட் ஐயாவைப் போல இன்னொரு கிளாக்கர் கிடைக்கமாட்டார். மழை வருமா என்று கேட்டால் “அறுபது பர்சன்ட்டு” என்பார். குழம்பில் உப்பு இருபது பர்சன்ட் தூக்கல் என்று சொல்லி, இரண்டு நாள் வீட்டில் சோறு கிடைக்காமல் அலைந்தார். வட்டகொடைப் பக்கத் தோட்டத்து ஆபீசில் அவருக்கு அடுத்த மேசை என்னுடையது. என் தலையெழுத்து.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் கொழும்பிலிருந்து ஒரு மென்பொருள் வந்தது. சம்பளப் பதிவைப் போட்டால் வண்ணப் பட்டைகளாகப் படம் காட்டும். தேயிலை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வரப்போகிறார்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் சம்பளம் சமம்தானா என்று காட்டவேண்டும். ஐயா தட்டினார். இரண்டு பட்டையும் ஒரே உயரம். தோட்டத்தை நடத்தும் துரைக்கு வாயெல்லாம் பல்.

ஐயாவுக்கோ தூக்கம் போச்சு. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் ஆண்கள் பகலோடு லயத்து வீடுகளுக்குப் போய்விடுவார்கள். கொழுந்தெடுக்கும் பெண்கள் அந்தி நிறுவை முடியும்வரை மலையில் நிற்பார்கள். இருவருக்கும் அதே நாள் சம்பளம். அப்போது மணிக்கு எவ்வளவு? பதிவில் நேரமே கிடையாது. ஒரு வாரம் குடையும் கைக்கடிகாரமுமாகக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்று, ஆளுக்காள் நேரம் பார்த்து எழுதினார்.

“லயத்துல போயி சமைக்கிற நேரத்தையும் எழுதுவீங்களாங்கய்யா?” என்று கேலி செய்தாள் கொழுந்தெடுக்கும் மாரியாயி. மனுசன் அதற்கும் ஒரு பத்தி போட்டுவிட்டார்! மணிக்கணக்கில் தட்டியதும் பெண்கள் பட்டை பாதியாகச் சுருங்கிப்போச்சு.

துரைக்குச் சிரிப்பு நின்றது. படத்திலிருந்து நேரத்தை எடுக்காவிட்டால் வட்டவளைத் தோட்டத்துக்கு மாற்றிவிடுவேன் என்றார். ஐயாவின் மகளுக்குப் பரீட்சை நெருங்கிய சமயம். எடுத்துத் தொலையுங்கள் என்று நானும் கெஞ்சினேன். ஐயா திரையில் சமையல் பத்தியைத் தொட்டுக் காட்டினார்.

“சமையல எடுத்துடறேன் தம்பி. மத்தது நான் கண்ணால பாத்து எழுதுனது.”

வந்தவர்கள் அந்தப் படத்தைத்தான் துருவித் துருவிக் கேட்டார்கள். அடுத்த மாதம் இரண்டு உத்தரவுகள் வந்தன. ஒன்று, ஐயாவுக்கு மாற்றம். மற்றது, அந்தி நிறுவை இனி அரை மணி நேரம் முந்தி.

அவர் கிளம்பிய அன்றுதான் பெண்கள் முதல்முதலாகச் சீக்கிரம் இறங்கினார்கள். ஒருத்தியும் லயத்துக்குப் போகவில்லை. அந்த அரை மணி நேரமும் ஐயாவின் கட்டில், பீரோ, சட்டி பானையெல்லாம் லொறியில் ஏற்றிக்கொடுத்தார்கள். நான் மட்டும் ஆபீசை விட்டு வரவில்லை. அழுத முகத்தோடு அவர் முன்னால் போய் நிற்க வெட்கமாக இருந்தது.