மீரா சாகிபு கடை உடைந்த காரணம்

மலாயாவின் மெர்சிங்கில் மீரா சாகிபுவின் சாப்பாட்டுக் கடை உடைந்து கிடந்ததை யாரும் மறுக்கவில்லை. நாற்காலி இல்லை, கண்ணாடி அலமாரி இல்லை, முன்கதவும் இல்லை. ஏன் உடைந்தது என்பதில்தான் அரசாங்கத்துக்கும் இன்சூரன்சுக்கும் கருத்து வேறுபாடு.

நடந்தது இதுதான். சிங்கப்பூரிலிருந்து வரவேண்டிய நாடகக் கம்பெனியின் ராஜபார்ட், கடல் ஒத்துக்கொள்ளாமல் பாதி வழியில் திரும்பிவிட்டார். டிக்கெட் வாங்கிய கூட்டம் கொட்டகையை உடைத்தது. ஆத்திரம் ஆறாமல் பக்கத்துக் கடைக்குள்ளும் நுழைந்தது. மீரா சாகிபுவோ, படியேறியவர் எவராயினும் "என்ன குடிக்கிறீங்க?" என்று கேட்டே பழகியவர். அன்றும் வாய் கேட்டுவிட்டது. கூட்டம் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தது. பிறகு எழுந்து, உட்கார்ந்த நாற்காலிகளை உடைத்தது.

இன்சூரன்சு ஏஜெண்டு ராஜசேகரன் வந்தார். உச்சி வெயிலில் கம்பளிக் கோட்டு, கழுத்தை இறுக்கும் டை. அப்போது அதுதான் நாகரிகம். கடையைத் திரும்ப எழுப்ப சாகிபுவுக்கு இருந்த ஒரே நம்பிக்கை இந்த மனிதர்தான்.

"இது கலகம், பாய். கலகத்துல உடைஞ்சா இன்சூரன்சு கொடுக்காது."

கூட வந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் அர்ச்சுனன் பதறினார். "கலகமா? இங்க பரிபூரண அமைதி நிலவுதுன்னு ஜொகூர் பாரு மேலிடத்துக்கு எழுதியாச்சு! வந்தவங்க எல்லாரும் வாடிக்கைக்காரங்க. தேத்தண்ணி குடிச்சாங்கல்ல?"

ஏஜெண்டின் முகம் மலர்ந்தது. "சரிதான்லா! குடிச்சதும் உடைச்சிருக்காங்க. அப்போ தேத்தண்ணி நல்லா இல்ல. அது வியாபாரக் குறை. அதுக்கும் கொடுக்காது."

சாகிபுவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது; 'ஐயா' என்கிற மலாய் 'துவான்' மட்டும் வாயை விட்டுப் போகவில்லை. "அலமாக்! கடை போனாப் போகட்டும் துவான், என் தேத்தண்ணிய மட்டும் குறை சொல்லாதீங்க!"

அடுப்பு தப்பியிருந்தது. ஆளுக்கொரு கோப்பை போட்டு நீட்டினார். இருவரும் நின்றபடியே குடித்தார்கள். இன்னொரு கோப்பையும் கேட்டு வாங்கினார்கள்.

"எப்படி துவான்?"

"அருமை," ஏஜெண்டு உதட்டைத் துடைத்தார். "ஆக, தேத்தண்ணி காரணம் இல்ல. கலகம்தான்."

"படுமோசம்!" என்று அலறினார் இன்ஸ்பெக்டர், கோப்பையின் அடியை உறிஞ்சிக்கொண்டே. "மெர்சிங்ல கலகமே நடக்கல!"

எப்படி முடிந்தாலும் தன் கம்பெனிக்குச் செலவில்லை என்று கண்ட ஏஜெண்டு பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார். 'தக்க விசாரணைக்குப் பின், மேற்படி தேத்தண்ணீர் அருந்துவதற்கு உகந்ததல்ல எனத் தீர்மானிக்கப்பட்டது' என்ற போலீஸ் அறிவிப்பு, ஒட்டக் கதவில்லாததால், தூணில் ஒட்டப்பட்டது.

நாற்காலிகளை உடைத்தவர்களில் ஒருவனான ஐயாசாமிதான் முதலில் வந்து படித்தான். "அன்னைக்கு ரெண்டு கோப்பை குடிச்சேன் பாய். நல்லாத்தான் இருந்துச்சு," என்றான் வருத்தத்தோடு. "ஆனா கவர்மெண்டே சொல்லிட்டாங்களே! எனக்கு என்ன தெரியும்?"

சாகிபு கிடைத்த பலகையில் பெஞ்சு அடித்துக் கடையைத் திறந்தார். ஒருவரும் வரவில்லை. மனசு கேட்காமல் தானே ஒரு கோப்பை போட்டுக் குடித்துப் பார்த்தார். என்னவோ குறைகிற மாதிரிதான் இருந்தது. மறுநாள் காலை, படகுத்துறைப் பக்கத்துக் காப்பிக் கடையில் ஐயாசாமிக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்து, நல்லதாக ஒரு தேத்தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.